கனவுக்கன்னியும் தோட்டத்துப் பாட்டிமாரும்



வேலை முடிந்து, குளித்து, உலை வைத்துவிட்டு வானொலிப் பெட்டியின் அருகே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களுக்கும், தோட்டத்தை விட்டு வெளியேறிப் பட்டணத்து அடுக்குவீடுகளில் குடியேறிவிட்ட குடும்பங்களுக்கும் எங்கள் அன்பு. இந்த வரலாற்று உரை வரிசையில் இதுவரை அரசர்களைப் பற்றியும் போர்களைப் பற்றியும் கேட்டிருப்பீர்கள். இன்று நடிகைகளைப் பற்றிப் பேசப் போகிறோம். "ஆசிரியர்கள் பேசுகிற பேச்சா இது?" என்று யாரேனும் முகம் சுளித்தால், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள் என்று வேண்டிக்கொள்கிறோம்.

எங்கள் தோட்டப் பள்ளியில் ஆண்டிறுதிக் கலை நிகழ்ச்சிக்கு ஒரு சிறு நாடகம் பழக்கிக்கொண்டிருந்தோம். ஐந்தாம் ஆண்டில் படிக்கும் ஒரு சிறுமிக்கு நல்ல கணீர்க் குரல்; பாடம் ஒரு முறை சொன்னால் போதும், பிடித்துக்கொள்வாள். அவளையே ராணியாக நடிக்கச் சொன்னோம். தலையைக் குனிந்துகொண்டு, "வேணாம் டீச்சர், நான் கறுப்பு. ராணின்னா வெள்ளையா இருக்கணும்," என்றாள். சுற்றியிருந்த பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எங்களுக்கு மிகவும் உறைத்தது. அவள் சொன்னதில் அவர்களுக்கு ஐயமே இல்லை.

அன்று இரவு வீட்டில் பாட்டியின் தகரப் பெட்டியைத் திறந்தோம். பாட்டி மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. பெட்டியில் ஒரு பழைய சேலை, அடையாளக் கார்டு, பழுப்பேறிய ஒரு சினிமாப் பாட்டுப் புத்தகம். அதன் அட்டையில் ஒரு பெண்ணின் முகம். அந்த முகத்தைத்தான் அவளிடம் காட்ட வேண்டும் என்று எண்ணினோம். அது டி. ஆர். ராஜகுமாரியின் முகம்.

அவரிடம் வருவதற்கு முன் பத்துப் பதினைந்து ஆண்டு பின்னோக்கிப் போக வேண்டும். தமிழில் முதல் பேசும்படம் என்று சொல்லப்படும் 'காளிதாஸ்' 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 31-இல் சென்னையில் வெளிவந்தது. அதில் கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார். கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். இன்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் திரைக்குள்ளிருந்து ஒரு பெண் நம் மொழியில் பேசுகிறாள் என்பதே அன்றைக்குப் போதுமானதாக இருந்தது. அந்த ராஜலட்சுமி திருவையாற்றில் பிறந்தவர். சிறு பிள்ளையாக இருந்தபோதே மணம் முடித்து வைத்தார்கள்; அந்த வாழ்வு நிலைக்கவில்லை. பிழைப்புக்காக நாடக மேடை ஏறினார். பின்னர் தாமே ஒரு நாவல் எழுதி, அதை 1936-இல் 'மிஸ் கமலா' என்ற பெயரில் தாமே இயக்கிப் படமாக்கினார். தென்னிந்தியாவில் படம் இயக்கிய முதல் பெண் அவர்தான்.

மற்றொருவர் கே. பி. சுந்தராம்பாள். கொடுமுடியில் பிறந்து, வறுமையில் ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமி. 1935-இல் 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே, ஆண் வேடத்தில் நடிக்க அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அந்தத் தொகையின் கனம் விளங்க வேண்டுமானால் நம் பக்கத்துக் கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். 1928-இல் மலாயாவில் அரசாங்கம் தென்னிந்தியத் தொழிலாளருக்கு நிர்ணயித்த கூலி, போக்குவரத்து எளிதான பகுதிகளில், ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரே மலைச்சரிவு, ஒரே மழை, ஒரே கொசு. கூலியில் மட்டும் பத்துக் காசு குறைவு. பிறகு ரப்பர் விலை வீழ்ந்தபோது அதையும் குறைத்தார்கள். அந்தக் காலத்துப் பெண்ணொருத்தி, கடலுக்கு அப்பால் தன்னைப்போல் ஏழையாய்ப் பிறந்த ஒருத்தி, ஆண்கள் யாரும் வாங்காத தொகையை வாங்கினாள் என்று கேள்விப்பட்டால் என்ன நினைத்திருப்பாள்? எங்கள் பாட்டி அந்தச் செய்தியைச் சொல்லும்போது, "லட்சமாம்!" என்று நிறுத்தி, வெற்றிலையை மென்றுகொண்டே சிறிது நேரம் பேசாமல் இருப்பார்.

இனி ராஜகுமாரி. 1922-இல் தஞ்சாவூரில் பிறந்தவர், இயற்பெயர் ராஜாயி. பாட்டி குஜலாம்பாள் பெயர் பெற்ற பாடகி, உறவினர் எஸ். பி. எல். தனலட்சுமி அப்போதே திரைப்பட நடிகை. இயக்குநர் கே. சுப்பிரமணியம் தனலட்சுமியைப் பார்க்க வந்த வீட்டில், காப்பி கொண்டு வந்து வைத்த கறுத்த சிறு பெண்ணைக் கண்டு அவளையே கதாநாயகி ஆக்கினார் என்று ஒரு கதை உண்டு. கதையில் மிகை இருக்கலாம். 1941-இல் அவர் எடுத்த 'கச்ச தேவயானி' படத்தின் மூலம் அந்தப் பெண் ஊரறிந்த நடிகையானார் என்பது வரலாறு. மாநிறத்தைவிடச் சற்றுக் கறுத்தவர் அவர். அந்நாளைய பெரும் கதாநாயகர்களுக்கெல்லாம் இணையாக நடித்தார். 'கனவுக்கன்னி' என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் முதலில் இவருக்குத்தான் சூட்டினார்கள். பிறகு பலருக்கு அந்தப் பட்டம் போயிற்று. பட்டங்கள் அப்படித்தான், கை மாறும்.

1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வெளிவந்தது. எம். கே. தியாகராஜ பாகவதர் நாயகன். அவரை மயக்கும் ரம்பாவாக ராஜகுமாரி. சென்னை பிராட்வே கொட்டகையில் அந்தப் படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதாவது 1944-இலும், 1945-இலும், 1946-இலும் அங்கே அதே படம்தான் ஓடிக்கொண்டிருந்தது. படம் வந்த சில மாதங்களிலேயே பாகவதர் ஒரு கொலை வழக்கில் கைதாகிச் சிறை சென்றார். நாயகன் சிறையில் இருக்க, திரையில் அவர் பாட, எதிரே ராஜகுமாரி காற்றில் ஒரு முத்தத்தை எறிந்துகொண்டிருந்தார். இக்காலத்துப் பிள்ளைகளுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. அன்று அரங்கமே அதிர்ந்ததாம்.

மூன்று தீபாவளியில் முதல் தீபாவளியின்போது நம் மலாயாவின் நிலை என்ன? ஜப்பானியர் ஆட்சி. கடல்வழி அடைபட்டிருந்தது. அரிசிக்கு மாற்றாக மரவள்ளிக்கிழங்கு. நம் தோட்டத்து ஆண்கள் ஆயிரக்கணக்கில் சயாம் மரண ரயில் பாதைக்குப் போனார்கள், பலர் திரும்பவில்லை. பெண்களில் சிலர், இதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும், 1943-இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து துப்பாக்கி ஏந்தினார்கள். ஆகவே அந்த ஆண்டுகளில் சென்னை ஒரு கனவுக்கன்னியைப் பார்த்துக் கிறங்கியபோது, நம் பாட்டிமாருக்கு அவர் இருப்பதே தெரியாது. 1945-இல் போர் முடிந்து கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகுதான் படச்சுருள்களும் வந்தன. பட்டினியும் சாவும் கண்டு மீண்டவர்களின் கண்ணுக்கு முன்னால் திடீரென்று பட்டும் நகையும் அணிந்த ஒரு முகம், ஓர் ஆள் உயரத்துக்கு எழுந்து சிரித்தது. நம் தோட்டங்களில் இந்த நடிகைகளின் மேல் ஏன் அவ்வளவு பித்து என்று கேட்பவர்கள் இதைச் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

தோட்டத்தில் படம் காட்டிய விதத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். லாரி வரும். திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். மின்விசைப் பொறி தடதடவென்று ஓடும். கிராணிமார் வீட்டுக்கு நாற்காலி. மற்றவர்களுக்குப் பாய், சாக்கு, புல்தரை. இடம் கிடைக்காதவர்கள் திரைக்குப் பின்புறம் அமர்வார்கள். அவர்களுக்குப் படம் இடம் வலமாக மாறித் தெரியும். எழுத்தெல்லாம் தலைகீழ் வழியில் ஓடும். ஆனால் படிக்கத் தெரியாதவருக்கு அதனால் என்ன நட்டம்? "நான் பாதிப் படங்களைப் பின்பக்கமாத்தான் பார்த்தேன்; அந்தம்மா எந்தப் பக்கம் பார்த்தாலும் அழகுதான்," என்பார் பாட்டி.

1948 ஏப்ரலில் எஸ். எஸ். வாசனின் ஜெமினி நிறுவனம் 'சந்திரலேகா'வை வெளியிட்டது. பல ஆண்டு உழைப்பு. முப்பது லட்சம் ரூபாய் செலவானதாகச் சொல்வார்கள். அதே ஆண்டு ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. லயங்களைச் சுற்றி முள்வேலி, ஊரடங்கு, அரிசி எடுத்துப் போகத் தடை, பெரட்டுக்குப் போகும்போதும் வரும்போதும் சோதனை. சோதனைச் சாவடியில் பெண்களையும் தடவிப் பார்த்துத்தான் விட்டார்கள். எங்கள் பாட்டிக்கு அப்போது பதினெட்டு பத்தொன்பது வயது. அந்த வேலிக்குள் அமர்ந்துதான் அவர் 'சந்திரலேகா'வைப் பார்த்தார்.

பார்க்காத பிள்ளைகளுக்காகக் கதையின் ஒரு பகுதியைச் சொல்கிறோம். சந்திரலேகா ஒரு கிராமத்துப் பெண். கொடியவனான இளவரசன் அவளை வலிந்து மணக்கத் துடிக்கிறான். அவளோ தன் காதலனை மீட்க வேண்டும். "சரி, மணக்கிறேன், அதற்குமுன் ஒரு முரசு நடனம் நடக்க வேண்டும்," என்கிறாள். அரண்மனை முற்றத்தில் பெரிய பெரிய முரசுகள். அவற்றின் மேல் நூற்றுக்கணக்கான பெண்கள் ஆடுகிறார்கள். நடனம் முடிந்ததும் முரசுகளின் வயிறு திறக்கிறது. உள்ளே ஒளிந்திருந்த வீரர்கள் வாளோடு பாய்கிறார்கள். கோட்டை வீழ்கிறது.

ஆண்கள் அந்த நடனத்தில் எதைப் பார்த்தார்களோ, நாம் அறியோம். பாட்டி பார்த்தது முரசுக்குள் இருந்ததை. "வேணும்னு சொல்லுவா, உள்ளே ஆளை வெச்சிருப்பா," என்று பேத்திகளிடம் பல முறை சொல்லிச் சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பின் பொருள் எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை ஒருநாள் புத்தகத்தில் படித்தோம். கூலி உயர்வு, பள்ளி, மருத்துவ வசதி என்று போகும் அந்தப் பட்டியலில், தோட்டப் பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை மேலதிகாரிகள் நிறுத்த வேண்டும் என்பதும் ஒன்று. அதை ஒரு கோரிக்கையாக எழுதிக் கேட்க வேண்டிய நிலை. அப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்த ஒரு பெண், கேட்டதை மறுக்கவும் முடியாமல் ஒப்பவும் முடியாமல் நின்ற சந்திரலேகாவைப் பார்த்து வெறும் சேலை அழகை மட்டுமா ரசித்திருப்பாள்?

சேலையையும் ரசித்தார்கள், அதை ஏன் மறைக்க வேண்டும்? சம்பள நாளில் பட்டணம் போனால் பாட்டுப் புத்தகம் ஒன்று, கண்ணாடி வளையல் ஒன்று. 'பேசும் படம்' இதழ் 1942 முதல் வந்துகொண்டிருந்தது. கிராணி வீட்டில் படித்து முடித்த பழைய பிரதி லயத்துக்கு வந்தால், படங்கள் கத்தரிக்கப்பட்டுச் சோற்றுப் பசையால் சுவரேறும். சாமி படத்துக்குப் பக்கத்தில் பத்மினி. அதற்குப் பக்கத்தில் பானுமதி. லக்ஸ் சவர்க்கார விளம்பரத்தில் நடிகைகளின் முகம் வரும். இந்தியாவில் 1941-இல் லீலா சிட்னிஸ் என்ற வடநாட்டு நடிகையோடு தொடங்கிய வழக்கம் அது. ரப்பர் பால் வாடை தோலோடு ஊறியது, எளிதில் போகாது. மாதம் ஒரு கட்டி வாசனைச் சவர்க்காரம் வாங்க ஒரு பெண் காசு சேர்த்தால் அதை ஊதாரித்தனம் என்று பேச எங்களுக்கு மனம் வரவில்லை. அன்று பேசினார்கள். கள்ளுக்கடைக்குப் போன காசைப் பற்றி அதே வாய் பேசியதாகத் தெரியவில்லை.

ஒரு நன்மையையும் குறிப்பிட வேண்டும். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும். வைத்தார்கள். ஆனால் பெண்பிள்ளை தம்பி தங்கையைத் தூக்கும் வயது வந்தால் நின்றுவிடுவாள். பாட்டி படித்தது இரண்டே ஆண்டு. அந்த எழுத்தை மறக்கவிடாமல் காத்தது பாட்டுப் புத்தகம். பாட்டு மனப்பாடம், ஆகவே அச்சில் எந்தச் சொல் எங்கே என்று விரல் வைத்துப் பிடித்துக்கொள்ளலாம். நாங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வாசிப்பு முறை பற்றிப் பல தாள்கள் எழுதினோம். பாட்டி கண்ட முறை அதில் இல்லை.

இந்தத் தாரகைகளின் வாழ்க்கை எல்லாம் ஒளியாகவே இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. 'மிஸ்ஸியம்மா'விலும் 'பாசமல'ரிலும் நம்மைச் சிரிக்கவும் அழவும் வைத்த சாவித்திரி, 1971-இல் 'பிராப்தம்' என்ற படத்தைத் தாமே எடுத்துப் பெரும் பணம் இழந்தார். குடியும் நோயும் சேர்ந்தன. ஓராண்டுக்கும் மேலாக நினைவிழந்து கிடந்து 1981 டிசம்பரில் மறைந்தார். வயது ஐம்பதுகூட ஆகவில்லை. அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் லயத்தில் பல வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அம்மா சொல்வார். அம்மாவின் காலத்து நாயகி சரோஜாதேவி. பெங்களூரிலிருந்து வந்து கன்னட வாடையோடு கொஞ்சிப் பேசிய அந்தத் தமிழை அம்மா சமையற்கட்டில் பேசிப் பார்ப்பாராம். அப்பா வந்தால் நிறுத்திவிடுவாராம். அந்த அம்மையாரும் 2025 ஜூலையில் மறைந்துவிட்டார்.

ராஜகுமாரியோ கணக்கறிந்து வாழ்ந்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. தம்பி டி. ஆர். ராமண்ணாவுடன் சேர்ந்து படக் கம்பெனி தொடங்கினார். எம். ஜி. ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படமான 'கூண்டுக்கிளி' 1954-இல் அந்தக் கம்பெனியில் உருவானதுதான். அடுத்த ஆண்டு 'குலேபகாவலி'. சென்னை தியாகராய நகரில் தம் பெயரிலேயே ஒரு திரையரங்கு கட்டினார். பிறர் கட்டிய அரங்கில் தம் முகத்தைக் காட்டிய பெண், தம் அரங்கில் பிறர் முகத்தைக் காட்டிக் கட்டணம் வாங்கினார். 1963-ஓடு நடிப்பை நிறுத்திக்கொண்டார். அதன்பின் முப்பத்தாறு ஆண்டு, தம்மை யாரும் திரையில் காணாமல் அமைதியாக வாழ்ந்து 1999 செப்டம்பரில் காலமானார். அந்த அரங்கும் இன்று இல்லை, வணிக வளாகமாகிவிட்டது.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1963 டிசம்பரில் வந்தது. நாங்கள் சிறு பிள்ளைகளாக இருந்த 1980-களில்கூட எங்கள் லயத்தில் ஒரு சில வீட்டில்தான் பெட்டி. தமிழ்ப் படம் போடும் நாளில் சன்னலெல்லாம் தலைகளாக இருக்கும். ஒருநாள் பழைய படம் ஒன்றில் ராஜகுமாரி வந்தார். பிள்ளைகள் நாங்கள், "இதுவா கனவுக்கன்னி? குண்டா இருக்காங்களே!" என்று சிரித்தோம். பாட்டி எங்களை அதட்டவில்லை. எழுந்து வெளியே போய்விட்டார். படம் முடியும்வரை திண்ணையில் இருட்டில் உட்கார்ந்திருந்தார். அந்தச் சிரிப்பில் நாங்களும் சேர்ந்திருந்தோம் என்பதை இன்று சொல்லிக்கொள்கிறோம்.

பாட்டுப் புத்தகத்தை மறுநாள் பள்ளிக்குக் கொண்டு போனோம். சிறுமி அட்டையை நெடுநேரம் பார்த்தாள். "இவங்களும் கறுப்பா டீச்சர்? படமே கறுப்பு வெள்ளையா இருக்கே, எப்படித் தெரியும்?" என்றாள். நல்ல கேள்வி. பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றோம். நம்பினாளோ என்னவோ. முரசு நடனத்தைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினோம். முரசு திறந்து வீரர்கள் குதித்ததும் வகுப்பே கூச்சலிட்டது. அவள் மட்டும் கூச்சலிடவில்லை.

"டீச்சர், அந்த ராணி தந்திரக்காரி. இந்த நாடகம்னா நான் நடிக்கிறேன்," என்றாள்.

நாடகத்தை மாற்றி எழுதினோம். தொழிற்சாலையிலிருந்து எட்டுக் காலித் தகரப் பீப்பாய்கள் கேட்டோம், ஆறு கிடைத்தன. ஒன்றின் அடி துருப்பிடித்துப் பெயர்ந்திருந்ததால் அதன் மேல் யாரையும் ஆட விடவில்லை. வீரர்களில் மிகச் சிறிய பையனை அதற்குள் ஒளித்து வைத்தோம்.